சங்கம் கேள்வி - பதில்: எந்த மேசைக்கு, என்ன வார்த்தையில்?

கொடுங்கையூர், வியாசர்பாடி, எம்.கே.பி. நகர் பக்கம் வீடியோ எடிட்டிங், போஸ்டர் டிசைன், சப்டைட்டில் வேலை பார்க்கிறவர்கள் 22 பேர் இருக்கிறோம். முதலாளி என்று ஒருவர் கிடையாது. வாட்ஸ்அப்பில் வேலை வரும், ஜி-பேயில் காசு வரும். "முதலாளி இல்லாதவனுக்கு ஏதுப்பா யூனியன்? சொசைட்டிதான் பதிய முடியும்" என்கிறார் தெரிந்த வக்கீல். அப்படியா?
- வீடியோ எடிட்டர், கொடுங்கையூர்

இல்லை. பழைய தொழிற்சங்கச் சட்டத்தின் இடத்தில் இப்போது தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம், 2020 இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறையில் உள்ளது. அதில் 'தொழிலாளி' என்ற சொல்லுக்கு இரண்டு அளவு வைத்திருக்கிறார்கள். தொழில் தகராறு எழுப்ப ஓர் அளவு, சங்கம் வைக்க அதைவிடப் பெரிய அளவு. சங்கப் பதிவுக்கான அத்தியாயத்தில் மட்டும், 2008-ஆம் ஆண்டு அமைப்புசாராத் தொழிலாளர் சட்டம் சொல்கிற தொழிலாளிகளும் உள்ளே வருகிறார்கள். வீட்டிலிருந்து வேலை செய்பவர், சுயதொழில் செய்பவர் எல்லாரும் அதில் அடக்கம். வக்கீலிடம் அந்த வரையறையைப் படித்துக் காட்டுங்கள்.

சொசைட்டிக்கும் சங்கத்துக்கும் என்ன வித்தியாசம் என்பதற்கு உங்கள் வட்டாரத்திலேயே வரலாறு இருக்கிறது. 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் பக்கிங்ஹாம் - கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும் ஏற்பாடு செய்ய, பி.பி. வாடியா தலைவரானார், திரு.வி.க. துணை நின்றார். (பின்னவர் இருவரும் பத்திரிகைக்காரர்கள். எழுத்துத் தொழிலாளிக்கும் யூனியனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.) 1920 கதவடைப்பின்போது, தொழிலாளர்களை ஒப்பந்தம் மீறத் தூண்டினார்கள் என்று சொல்லி, ஆலையை நடத்திய பின்னி கம்பெனி வாடியா மேல் வழக்குப் போட்டது. உயர் நீதிமன்றம் தடையும் கொடுத்தது. அந்தத் தடையைக் கண்ட பிறகுதான், சங்கங்களைக் காக்க ஒரு சட்டம் வேண்டுமெனத் தொழிற்சங்கத் தலைவர் என்.எம். ஜோஷி 1921-இல் மத்திய சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். அதிலிருந்து பிறந்தது 1926-ஆம் ஆண்டுச் சட்டம். பதிவு பெற்ற சங்கத்தின் மேல் இந்த வகை சிவில் வழக்கு நிற்காது என்கிற பாதுகாப்பு அதில் எழுதப்பட்டது, புதிய சட்டத்திலும் தொடர்கிறது. சொசைட்டிக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

இனி நடைமுறை. விண்ணப்பத்தில் 7 பேர் கையெழுத்துப் போட்டால் போதும். ஆனால் உறுப்பினர் எண்ணிக்கை வேறு கணக்கு. சங்கம் எந்தத் தொழிலைச் சேர்ந்ததோ, அதில் உள்ளவர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர், இரண்டில் எது குறைவோ அது வேண்டும். நீங்கள் ஒரே ஸ்டுடியோவில் இல்லை. தொழில் முழுவதற்குமான சங்கம் என்றால் 22 பேரோடு போய் நின்று பயனில்லை, 100 பேர் காட்டத்தான் வேண்டியிருக்கும். பதிவுக்குப் பிறகும் அந்த எண்ணிக்கை குறையக் கூடாது. எனவே 130 பேரைச் சேர்த்துக்கொண்டு போங்கள். சந்தா பாக்கியால் 20 பேர் கழன்றாலும் தாங்கும்.

கோப்பு திரும்பி வருவது பெரும்பாலும் சின்ன விஷயங்களால்தான். ரசீதுப் புத்தகத்தில் 'எஸ். குமார்', உறுப்பினர் பட்டியலில் 'குமார் எஸ்.', ஆதாரில் 'குமரேசன்' என்று இருந்தால் மூன்று பேராகிவிடும். தொழில் என்ற இடத்தில் 'பிரீலான்ஸ்' என்று எழுதாதீர்கள், அது தொழிலின் பெயரே இல்லை. 'படத்தொகுப்பு, சுயதொழில், வீட்டிலிருந்து' என்று எழுதுங்கள். சங்க விதிகளை ஏற்ற பொதுக்குழுத் தீர்மானம், விண்ணப்பம் கொடுக்க அதிகாரம் அளித்த தீர்மானம் இரண்டும் மினிட் புத்தகத்தில் தேதியோடும் வந்தவர்கள் கையெழுத்தோடும் இருக்க வேண்டும். உறுதிமொழிப் பத்திரமும் உண்டு. தொழிலாளர் ஆணையரகம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது. அங்கே நடப்பில் உள்ள படிவத்தைக் கேட்டு வாங்கிய பிறகு டைப் அடிக்கக் கொடுங்கள். பழைய சங்கத்தின் படிவத்தை ஜெராக்ஸ் எடுத்து நிரப்பினால் ஒரு மாதம் வீண்.

நான் தனியார் பள்ளி ஆசிரியை. ஆசிரியர் 'தொழிலாளி' இல்லை என்று கோர்ட்டே சொல்லிவிட்டதாமே? பிறகு சங்கத்தில் சேர்ந்து என்ன லாபம்?
- ஆசிரியை, பழைய வண்ணாரப்பேட்டை

சொன்னது உண்மை. தொழில் தகராறுச் சட்டத்தின்படி ஆசிரியர் தொழிலாளி அல்ல என்று 1988-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2004-இல், பணிக்கொடைச் சட்டத்தின்படியும் ஆசிரியர் 'ஊழியர்' அல்ல என்றது. அந்த இரண்டாவது வழக்கைத் தொடுத்தது அகமதாபாத் தனியார் தொடக்கப் பள்ளி ஆசிரியர் சங்கம். சங்கம் தோற்றது. ஆனால் எந்தச் சொற்றொடரால் தோற்றோம் என்பது தீர்ப்பிலேயே தெளிவாக இருந்தது, அதை மாற்றுவது சட்டம் இயற்றும் அவையின் வேலை என்பதும் இருந்தது. திறனுள்ள, திறனற்ற, உடலுழைப்பு, மேற்பார்வை என்று சட்டம் அடுக்கிய பட்டியலில் பாடம் நடத்தும் வேலை இல்லை. 2009-இல் நாடாளுமன்றம் அந்தப் பட்டியலையே தூக்கிவிட்டு, 'உடலுழைப்போ வேறு எதுவோ, எந்த வகை வேலையாயினும்' என்று எழுதியது. 1997 ஏப்ரல் 3 முதலே அது செல்லும் என்றும் சேர்த்தது. தனியார் பள்ளிகள் எதிர்த்துப் போன வழக்கு 2022-இல் தள்ளுபடியானது.

உங்களுக்குப் பணிக்கொடை எவ்வளவு என்றால்: கடைசி மாதச் சம்பளம் (அடிப்படை + அகவிலைப்படி) ரூ.20,000, பணி 8 ஆண்டு என்று வையுங்கள். 20,000-ஐ 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து 8-ஆல் பெருக்கினால் ரூ.92,307. ராஜினாமா செய்தாலும் உண்டு. பள்ளி தராவிட்டால் தொழிலாளர் துறையின் பணிக்கொடை அதிகாரியிடம் மனுச் செய்யலாம். ஒரு வரையறையின் சில சொற்களுக்கு இத்தனை ரூபாய் மதிப்பு.

நாங்கள் போட்டோ - வீடியோக் கலைஞர்கள் சங்கம். மூன்று தடவை மந்திரியைப் பார்த்து மனு கொடுத்துவிட்டோம். சால்வை போட்டோம், போட்டோவும் எடுத்தோம். ஒன்றும் நடக்கவில்லை. மனுவின் நகலை அனுப்பியிருக்கிறோம். தப்பு எங்கே என்று சொல்லுங்கள்.
- சங்கச் செயலாளர், பெரம்பூர்

நகலைப் படித்தோம். நான்கு பக்கம், 14 கோரிக்கை. கேமரா மேல் ஜி.எஸ்.டி. குறைக்க வேண்டும், நல வாரியம் வேண்டும், ஏ.ஐ.யைத் தடை செய்ய வேண்டும், மாநகராட்சிப் பூங்காவில் கல்யாண ஷூட்டுக்குக் கட்டணம் கூடாது... கடைசியில் 'கலைத் தொழிலாளர் வாழ்வாதாரம் காக்க ஆவன செய்ய வேண்டுகிறோம்'.

இதைப் பிரிக்கிற எழுத்தரின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஜி.எஸ்.டி. விகிதம் ஜி.எஸ்.டி. கவுன்சிலின் வேலை. வாரியம் மாநிலத் தொழிலாளர் துறை. ஏ.ஐ., காப்புரிமை (காப்பிரைட்) மத்திய அரசு. பூங்கா ரிப்பன் மாளிகை. ஒரு கோப்புக்கு நான்கு மேசை என்றால் அது எந்த மேசையிலும் தங்காது. 'உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது' என்ற பதிலோடு சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு மனுவுக்கு ஒரு கோரிக்கை. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

எதிர்மாறாக நடந்த ஒன்றைப் பாருங்கள். 2023 ஏப்ரல் 21 அன்று, 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. மூன்றே நாளில் நிறுத்திவைத்தார்கள், மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். கட்சி வேறுபாடில்லாமல் சங்கங்கள் சேர்ந்தது முதல் காரணம். எல்லாரும் ஒரே பிரிவை, 65-ஏ-வை, எண் சொல்லி எதிர்த்தது இன்னொரு காரணம். இன்னதை எடு என்று கேட்டால் எடுக்கலாம், 'தொழிலாளர் நலன் காக்க' என்று கேட்டால் எதை எடுப்பது?

உங்கள் 14-இல் இப்போதைக்கு எடுக்க வேண்டியது வாரியம் என்பது எங்கள் கருத்து. சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையை எடுத்துப் பாருங்கள். எந்தெந்த வகை இணைய நிறுவனங்கள் தொழிலாளர் நல நிதிக்குப் பணம் கட்ட வேண்டும் என்ற பட்டியல் அது. கார், சாப்பாடு டெலிவரி இவற்றோடு 'தொழில்முறைச் சேவை', 'உள்ளடக்கம் மற்றும் ஊடகச் சேவை' என்று இரண்டு வரி இருக்கிறது. அது உங்கள் வரி! ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம், ஆனால் தொழிலாளர்களுக்குத் தரும் தொகையில் 5 சதவீதத்துக்கு மேல் போகாது. கிக் தொழிலாளி (இணையத் தளம் வழியே துண்டு வேலை செய்பவர்) என்றாலே பைக்கில் பெட்டி கட்டிக்கொண்டு போகிறவர் என்று அதிகாரிகளும் நினைக்கிறார்கள், நாமும் நினைக்கிறோம். ஆப் வழியாக ஆல்பம் டிசைன் வாங்கிச் செய்கிறவரும் அதே இனம். மண்டபத்துக்காரர் போனில் கூப்பிட்டுக் கொடுக்கும் வேலை இதில் வராது, இணையத் தளம் நடுவில் இருக்க வேண்டும். இதை உறுப்பினர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள், பிறகு வருத்தம் வரும்.

தமிழ்நாட்டில் கிக் தொழிலாளர் நல வாரியம் 2023 டிசம்பரில் அமைந்தது. 2025-26 மாநில பட்ஜெட்டில் 2,000 கிக் தொழிலாளர்களுக்கு இ-ஸ்கூட்டர் வாங்கத் தலா ரூ.20,000 மானியம் அறிவித்தார்கள். எடிட்டருக்கு ஸ்கூட்டர் எதற்கு? ஆகவே இப்படி எழுதுங்கள்:

"இணையத் தளங்கள் வழியே வேலை பெறும் ஒளிப்படக் கலைஞர், படத்தொகுப்பாளர், வரைகலைஞர் ஆகியோரைக் கிக் நல வாரியத்தின் உறுப்பினர் வரையறையில் பெயர் குறித்துச் சேர்க்க வேண்டும். இ-ஸ்கூட்டர் மானியத்துக்கு இணையாக, இவர்கள் கணினி வாங்க ரூ.20,000 வழங்க வேண்டும். முதல் ஆண்டில் 500 பேர் எனில் செலவு ரூ.1 கோடி."

இவ்வளவுதான் மனு. கீழே உங்கள் சங்கக் கணக்கு ஒரு பக்கம்: 40 உறுப்பினர்கள், மூன்று மாதம், எத்தனை வேலை, எத்தனை மணி நேரம், தளம் பிடித்த கமிஷன் எவ்வளவு, பணம் வர எத்தனை நாள். பெயர் வேண்டாம், எண் போட்டால் போதும். செலவுக் கணக்கு போடாத மனுவை நிதித்துறை பக்கம் யாரும் எடுத்துப் போக மாட்டார்கள். நீங்களே போட்டுக் கொடுத்தால் வாதம் 'எவ்வளவு' என்பதற்கு நகர்ந்துவிடும்.

முகவரி: செயலாளர், தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாட்டுத் துறை, தலைமைச் செயலகம். நகல் தொழிலாளர் ஆணையருக்கும், உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வுக்கும். தீபாவளி முடிந்த கையோடு கொடுத்துவிடுங்கள். பொங்கலுக்குப் பிறகு போனால் பட்ஜெட் வேலை பாதி முடிந்திருக்கும். கையில் கொடுத்தால் உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். தபால் என்றால் ஸ்பீட் போஸ்ட் ரசீதை மினிட் புத்தகத்தில் ஒட்டுங்கள்.

ஒரு மாதம் கழித்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், கட்டணம் 10 ரூபாய். சங்க லெட்டர்பேடில் கேட்காதீர்கள். அந்த உரிமை குடிமகனுக்குத்தான் என்று திருப்பிவிடுவார்கள், தனிநபர் பெயரில் போடுங்கள். 'ஏன் நடவடிக்கை இல்லை?' என்பதற்குப் பதில் வராது, அது ஆவணம் அல்ல. 'எங்கள் மனுவின் கோப்பு எண் என்ன, இன்று எந்தப் பிரிவில் இருக்கிறது, அதில் எழுதப்பட்ட குறிப்புகளின் நகல்' என்று கேட்டால் 30 நாளில் வந்தாக வேண்டும்.

சட்டமன்ற மனுக்கள் குழு என்று ஒன்றும் இருக்கிறது. ஒரே பொருள், ஒரே துறை, கோர்ட்டில் வழக்கு நிலுவையில் இருக்கக் கூடாது. உங்கள் பூங்காக் கட்டணப் பிரச்சினையைத் தனி மனுவாக அங்கே அனுப்பலாம். சால்வைச் செலவை நிறுத்திவிடுங்கள்.

கல்யாண வீடியோவுக்கு ரூ.25,000-க்குக் கீழே யாரும் போகக் கூடாது, போனால் அவரோடு எந்த உறுப்பினரும் வேலை செய்யக் கூடாது, அவருக்குச் சாமான் வாடகைக்குத் தரக் கூடாது என்று தீர்மானம் போட இருக்கிறோம். சரிதானே தோழர்?
- சங்க நிர்வாகி, இராயபுரம்

போடாதீர்கள் தோழர். மேற்கு வங்கத்தில் கலைஞர்கள் - தொழில்நுட்பக் கலைஞர்களின் கூட்டுக் குழு ஒன்று, இந்தியிலிருந்து டப் செய்த புராணத் தொடரை ஒளிபரப்பக் கூடாது என்று சேனல்களை நெருக்கியது. டப்பிங் வந்தால் உள்ளூர்க்காரன் வேலை போகும் என்பது அவர்கள் நியாயம். வழக்கு வணிகப் போட்டி ஆணையத்தில் தொடங்கி 2017-இல் உச்ச நீதிமன்றம் வரை போய், சங்கம் என்ற பெயர் இருந்தாலும் சந்தையில் போட்டியை அடைத்தால் போட்டிச் சட்டம் பாயும் என்று முடிந்தது. உங்களில் பலர் தனித்தனியாகத் தொழில் நடத்துகிறவர்கள். குறைந்தபட்ச விலை நிர்ணயிப்பதும் புறக்கணிப்பதும் 'கார்டெல்' (வியாபாரிகள் கூடிப் போட்டியை அடைப்பது) என்று எளிதாக எழுதப்பட்டுவிடும்.

செய்யக்கூடியது இரண்டு. ஒரு நாள் ஷூட்டுக்கு ஆள் கூலி, கேமரா தேய்மானம், ஹார்ட் டிஸ்க், எடிட்டிங் மணி நேரம் எல்லாம் கூட்டி 'இதுவே எங்கள் செலவு' என்று கணக்கு வெளியிடலாம், விலை சொல்ல வேண்டாம். இரண்டாவது, ஸ்டுடியோவில் மாதச் சம்பளத்துக்கு இருக்கும் உதவியாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்க அரசைக் கேட்கலாம். அரசு நிர்ணயிக்கும் கூலி சட்டம், நீங்கள் நிர்ணயிக்கும் விலைதான் சிக்கல்.

ஒரு நகைக்கடைக்கு லோகோ, கேட்லாக் செய்து கொடுத்தேன். ரூ.60,000 பாக்கி. ஐந்து மாதமாக "அடுத்த வாரம்" என்கிறார்கள். சங்கம் கேட்டுக் கொடுக்குமா?
- டிசைனர், தண்டையார்பேட்டை

சங்கம் போன் போடலாம். பலன் தருவது குறு, சிறு, நடுத்தரத் தொழில் (எம்.எஸ்.எம்.இ.) சட்டம், 2006. டிசைன் சேவைத் தொழில், அதற்கு உத்யம் பதிவு (மத்திய அரசின் சிறுதொழில் பதிவு) உண்டு. ஆதார், பான் போதும், கட்டணம் கிடையாது. (காசு கேட்கும் போலி இணையதளங்கள் ஏராளம், கவனம்.) பதிவு உள்ளவரிடம் வேலை வாங்கினால், எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதில் உள்ள தேதிக்குள், எப்படியும் 45 நாள் தாண்டாமல் பணம் தர வேண்டும். ஒப்பந்தமே இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு வட்டி. விகிதம் 6 சதவீதம் என்று வைத்தால் ஆண்டுக்கு 18. உங்கள் 60,000-க்கு முதல் மாதம் 900, இரண்டாம் மாதம் 913 ரூபாய் 50 பைசா, இப்படி ஏறும். மத்திய சிறுதொழில் அமைச்சகத்தின் இணையதளத்தில் புகார் போட்டால், பாக்கி வழக்குகளை விசாரிக்கும் வசதியாக்கல் கவுன்சிலுக்குப் போகும்.

இங்கேதான் பலர் விழுகிறார்கள்: வேலை முடிந்த பிறகு போய் உத்யம் பதிவு செய்து பழைய பில்லுக்கு வட்டி கேட்டால் நிற்பது கடினம். உங்களுக்கு முன்பே பதிவு இல்லையென்றால் இந்த 60,000-க்கு வக்கீல் நோட்டீஸ்தான். அடுத்த பில் முதல் உத்யம் எண்ணை மேலேயே அச்சடியுங்கள். ஃபைல் அனுப்பிய மெயிலை அழிக்காதீர்கள். ஒப்படைத்த 15 நாளுக்குள் கடைக்காரர் எழுத்தில் குறை சொல்லாவிட்டால் வேலையை ஏற்றுக்கொண்டார் என்று கணக்கு, அந்தத் தேதிக்கு ஆதாரம் அந்த மெயில்தான்.

கானா பாட்டு எழுதி, நானே பாடி ஒரு யூடியூப் சேனலுக்குக் கொடுத்தேன். கையில் 5,000 ரூபாய். எழுத்து ஒன்றும் இல்லை. இப்போது பாட்டு எங்கேயோ போய்விட்டது. என் குரலை ஏ.ஐ.யில் போட்டு இன்னொரு பாட்டும் வந்திருக்கிறது. ஏதாவது செய்ய முடியுமா அண்ணே?
- கானா பாடகர், புளியந்தோப்பு

முடியும் தம்பி. காப்புரிமையை வாய்வார்த்தையில் விற்க முடியாது, கையெழுத்திட்ட எழுத்து வேண்டும். நீங்கள் அவர்களிடம் சம்பளத்துக்கு இல்லாதவரை, பாட்டின் வரியும் மெட்டும் இன்னும் உங்களுடையவை. எழுத்து இருந்திருந்தாலும் காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று சட்டமே சுருக்கிவிடுகிறது. 2012 திருத்தத்துக்குப் பிறகு எழுதியவர், இசையமைத்தவரின் ராயல்டிப் பங்கை எந்த ஒப்பந்தத்தாலும் விட்டுக்கொடுக்க வைக்க முடியாது. வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ (ராயல்டி வசூலித்துப் பங்கிடும் அமைப்பு) மட்டுமே மாற்றலாம். வரிகளின் கையெழுத்துப் பிரதி, முதல் ரெக்கார்டிங் போன தேதி, 5,000 வந்த ஜி-பே பதிவு மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு சேனலுக்கு நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் இல்லாவிட்டால் யூடியூபிலேயே காப்புரிமைப் புகார் படிவம் இருக்கிறது.

ஏ.ஐ. விஷயத்தில் உங்கள் சொந்த வரியும் மெட்டும் அதில் இருந்தால் மேலே சொன்ன வழியே போதும். குரலை மட்டும் நகல் எடுத்து வேறு பாட்டு போட்டிருந்தால் கடினம். பாடகருக்கு நிகழ்த்துநர் உரிமை உண்டு, ஆனால் அது நீங்கள் பாடிய பாட்டுக்கு. 'குரல்' என்ற சொல்லே காப்புரிமைச் சட்டத்தின் அந்தப் பிரிவில் இல்லை. சங்கம் கேட்க வேண்டிய திருத்தம் இங்கே இருக்கிறது. மத்திய அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை 2025 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வறிக்கை, ஏ.ஐ. நிறுவனங்கள் படைப்புகளைப் பயிற்சிக்கு எடுக்கக் கட்டாய உரிமம், அதற்கு ராயல்டி, வசூலிக்க ஒரு மைய அமைப்பு என்று யோசனை சொல்லி, பொதுமக்கள் கருத்தையும் கேட்டது. ராயல்டி என்றதும் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. கட்டாய உரிமம் என்றால் 'என் பாட்டை எடுக்காதே' என்று சொல்லும் வாய்ப்பு போய்விடும். எந்தக் காப்புரிமைச் சங்கத்திலும் பதியாத புளியந்தோப்புப் பாடகருக்கு அந்தப் பணம் எந்த வழியில் வந்து சேரும் என்பதை விதியிலேயே எழுதச் சொல்லி மனுப் போட வேண்டும். உங்கள் பக்கத்தில் கானா பாடுகிறவர்கள் 10 பேர் சேர்ந்து வாருங்கள், வரைவு எழுதித் தருகிறோம்.

கச்சேரியை இரவு 10 மணிக்கு நிறுத்தச் சொல்கிறார்கள். அதற்கு மேல் அனுமதியே கிடையாதா?
- பேண்டு மாஸ்டர், காசிமேடு

ஒலி மாசு விதிகள், 2000-இன்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. ஆனால் பண்டிகை, கலை நிகழ்ச்சிகளுக்காக மாநில அரசு ஆண்டில் 15 நாள் வரை இரவு 12 மணி வரை தளர்த்தலாம் என்றும் அதே விதி சொல்கிறது. ஸ்டேஷனில் நின்று வாதாடுவதால் பயனில்லை, அந்த அதிகாரம் இன்ஸ்பெக்டரிடம் இல்லை. வடசென்னைத் திருவிழா நாட்களைப் பட்டியலிட்டு, ஆண்டுத் தொடக்கத்திலேயே அந்த 15 நாளையும் அறிவிக்கும்படி அரசுக்கு எழுதுங்கள்.

சங்கச் சந்தாப் பணத்தில் தேர்தலில் நிற்கும் நம்ம ஆளுக்கு நோட்டீஸ் அடிக்கலாமா?
- பொருளாளர், திருவொற்றியூர்

பொது நிதியில் கூடாது. மனு அச்சடிக்க, கோரிக்கைக் கூட்டத்துக்குப் பந்தல் போட, சங்கப் பத்திரிகை நடத்தப் பொது நிதி செல்லும். வேட்பாளருக்கு என்றால் தனி அரசியல் நிதி, தனி ரசீதுப் புத்தகம், தனிக் கணக்கு. அதற்குக் கொடு என்று எந்த உறுப்பினரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, கொடுக்காதவரின் உரிமை எதையும் குறைக்கவும் கூடாது. இரண்டு ரசீதுப் புத்தகத்துக்கும் ஒரே நிற அட்டை போடாதீர்கள், தணிக்கையின்போது கலந்துபோகும்.